பூசைக்கு வெச்ச பிரேக் ஆயில்

ஏறுங்க சார், ஏறுங்க. கதவை மட்டும் மெதுவாச் சாத்துங்க, பின்னாடி பாப்பா தூங்குது. மேட்டுப்பாளையம்தானுங்களே? நானும் அந்த வழிதான். பஸ்ஸைப் புடிக்க நீங்க ஓடி வந்ததைப் பாத்துட்டுத்தான் நிறுத்தினேன். அவன் எங்கீங்க நிறுத்தறான்! அடுத்த பஸ் வர்ற வரைக்கும் இந்த அரவேணுல, இந்தச் சாரல்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க? எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

என்னங்க அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? பின்சீட்டைக் காணோம்னா? நான்தான் கழட்டிட்டேன். வண்டி எடை குறையோணுமில்லீங்க. பாப்பாவுக்கு மெத்தை விரிச்சுப் போட்டிருக்கேன், சீட்டை விட அதுதான் சொகம். பாருங்க, எப்படிக் குப்புறப் படுத்துத் தூங்குதுன்னு. ஆதிரைன்னு பேருங்க. நாளைக்குக் காலைல எங்க குலதெய்வக் கோயில்ல காது குத்து. அதுக்குத்தான் போயிட்டிருக்கறோம்.

பாக்கறதுக்குச் சின்ன வண்டி, வாத்தியாரம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுப் போற வண்டின்னு நெனைப்பீங்க. இது ரேஸ் டிராக்ல ஓடற வண்டிங்க. ரேஸ்காரங்க இல்ல நாங்க. எனக்குக் கோயமுத்தூர்ல, கணபதில லேத்துப் பட்டறை. நம்மள மாதிரி பொழப்பு இருக்கற ஆளுகதான். ஞாயித்துக்கெழமை அவங்கவங்க வண்டியைக் கொண்டுட்டுப் போயி டிராக்ல ஆசை தீர ஓட்டிட்டு, வீட்டுக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டுப் படுத்துக்குவோம். இதுல போட்டி கெடையாது, கோப்பை கெடையாது. ஆனா யாரு யாரைத் தாண்டினான்னு எல்லாத்துக்கும் தெரியும், அது வேற விசயம்.

எதுக்குங்க கால்ல அப்படி அமுத்தறீங்க? பிரேக் என் பக்கம்தானே இருக்குது! ஹஹ. எல்லாரும் இப்படித்தானுங்க, என் வண்டில ஏறினா அந்தப் பக்கம் உக்காந்துட்டு அவங்களும் ஒரு பிரேக்கு மிதிப்பாங்க. பயப்படாதீங்க. இந்த வளைவுல பாருங்க. கடேசி வரைக்கும் விட்டுட்டு... இப்ப மிதிக்கறேன். எப்படிங்க? புடிச்சு வெச்ச மாதிரி நின்னுதா இல்லியா? பாப்பா கூட அசையல.

இந்தப் பிரேக் என் கையால ஆனதுங்க. கம்பெனி குடுக்கற பிரேக்கு டிராக்குக்குப் பத்தாது. குறுக்க ஒரு ஆட்டோ வந்தா மிதிச்சு நிறுத்தறதுக்கு அது போதும். டிராக்ல அப்படியில்லீங்க, ஒவ்வொரு வளைவுக்கும் மிதிக்கோணும், மூச்சு விடறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். நாலஞ்சு சுத்து வந்தா பிரேக்குப் பேடு கருகி நாத்தம் அடிக்கும், என்ன மிதிச்சாலும் வண்டி நிக்காது. அதனால பெரிய வண்டியோட டிஸ்க்கு ரெண்டு வாங்கினேன். அதைக் கவ்விப் புடிக்க, அதுக்கேத்த காலிப்பர். அது இந்த வண்டில உக்காராதே, அதுக்கு நடுவுல ஒரு பிராக்கெட் வேணும். அதை என் லேத்துலயே கடைஞ்சேன். கம்பி பின்னின ஹோஸ் குழாய். ரேஸ் பேடு. அப்புறம் ஆயிலு. பிரேக் ஆயிலுங்க. வெளிநாட்டுச் சரக்கு, எவ்வளவு சூடானாலும் கொதிக்காதாம். ஒரே ஒரு டின்னு கெடச்சுது.

இந்த ஃபோன் அடிச்சுட்டே இருக்குது பாருங்க. எடுக்காண்டாம் சார், அது என் சம்சாரம் கோகிலா. என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அடிச்சு அடிச்சு ஓயட்டும்.

எங்க விட்டேன்? ஆயிலு. எங்க பட்டறைல ஒரு பழக்கமுங்க. எந்தப் பொருளு புதுசா வந்தாலும் சாமி முன்னாடி வெச்சுப் பூசை போட்டுட்டுத்தான் கை வைப்போம். அதுவும் சும்மா டப்பாவோட வைக்க மாட்டேன். பிரிச்சு வைப்பேன். மூடி வெச்ச பொருளுக்குப் பூசை போட்டா சாமிக்கு எப்படிங்க போய்ச் சேரும்? மிசின் வந்தா மேல இருக்கற காகிதத்தைக் கிழிச்சு வைப்பேன், எண்ணெய் வந்தா மூடியைத் திறந்து வைப்பேன். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். ஒரு மிசின் கூட என் பட்டறைல கோளாறு பண்ணினதில்ல.

அதே மாதிரி டிஸ்க்குக்குச் சந்தனம், காலிப்பருக்குக் குங்குமம், டின்னு மூடியைத் திறந்து சுத்தியும் மஞ்சள் தடவி, பூசையறைல வெச்சேன். வெச்சு முடிச்சா, அடுத்த நாள் ஆடி பொறந்துருச்சு. ஆடில புதுசா ஒரு வேலை தொடங்குவமுங்களா? நீங்களே சொல்லுங்க. சரி, ஆவணில மூர்த்தம் பாத்து மாட்டிக்கலாம்னு அப்படியே விட்டுட்டேன். பூசைல வெச்சதை நடுவுல எடுத்து மூடறதும் தப்பு. அந்த ஆடில மழைன்னா மழைங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வெயிலையே பாக்கல. துணியெல்லாம் வீட்டுக்குள்ள கொடி கட்டிக் காயப் போட்டோம், பூசையறைச் செவுரே வேர்த்துச்சு. கோகிலா தெனமும் வெளக்கேத்தி டின்னுக்கும் சேத்துச் சாம்பிராணி காட்டுவா. அப்படிப் பாத்துப் பாத்து வெச்ச சாமானுங்க.

ஆவணில முதல் மூர்த்தத்துலயே மாட்டினேன். ஆயிலை ஊத்தி, லைன்ல இருந்த காத்தையெல்லாம் வெளிய எடுத்து, மிதிச்சுப் பாத்தா மிதி கிண்ணுன்னு நிக்குது. கோயிலுக்கு வண்டியைக் கொண்டுட்டுப் போயி எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் டிராக்கு.

இந்தப் போர்டைப் பாத்தீங்களா? 'ரெண்டாம் கியரில் இறங்கவும்.' இது பிரேக் இல்லாதவனுக்கு எழுதி வெச்சதுங்க. பஸ்காரன், லாரிக்காரன், அவனுக்கு வேணும். கியரைப் போட்டு எஞ்சினைக் கதற விட்டு எறங்கறதுக்கு நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டு இதையெல்லாம் மாட்டினேன்? நாலாவதுல விட்டுட்டு மிதிச்சுக்கிட்டே எறங்கலாம். இதுவும் ஒரு டிராக்குன்னு வெச்சுக்குங்களேன்.

என் மச்சினன் கார்வேந்தன்னு ஒருத்தன். கோகிலாவோட தம்பி. எங்கூடவே டிராக்குக்கு வருவான். நல்ல பையன், ஆனா எதையும் படிச்சுட்டுத்தான் செய்வான். ஒரு போல்ட்டு முடுக்கறதுக்கு முன்னாடி கூட நாலு வீடியோ பாப்பான். அன்னிக்கு டிராக்ல வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். "மாமா, ஆயிலு புது டின்னுங்களா?"ன்னான். புதுசுதான்டான்னேன். புதுசுதானுங்களே? ஒரு சொட்டு எடுக்கலையே. வாங்கி வெச்ச டின்னு, வெச்ச எடத்துலயே இருந்துது. அதுக்குப் பேரு புதுசில்லாம பழசுங்களா?

மொதல்ல நான் ஓட்டினேன். ஆஹா, அந்த நாளை மறக்க மாட்டேன் சார். ஒரு பல் டாக்டரு இருக்காரு, பெரிய வண்டி வெச்சிருக்காரு, அவரு பிரேக்கு மிதிக்கற எடத்தைத் தாண்டியும் நான் விட்டுப் போயி மிதிச்சேன். அவரைத் தாண்டினேன். எல்லாருமே கை தட்டினாங்க. வந்து வண்டியை நிறுத்தி, டீ குடிச்சுட்டு, "இந்தாடா மாப்ளே, நீயும் ஒரு சுத்துப் போயிட்டு வா, மாமன் பிரேக் எப்படின்னு பாரு"ன்னு சாவியைக் குடுத்தேன். டிஸ்க்கு இன்னும் பொகைஞ்சுட்டிருந்துது. அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் விடல. ஆசையாக் குடுத்தேனுங்க.

நேர் ரோட்டுல அம்பு மாதிரி போனான். கடேசில ஒரு வளைவு. மிதிப்பான், மிதிப்பான்னு பாக்கறேன், மிதிக்கவே இல்ல. டயரு அடுக்கி வெச்ச செவுத்துல நேராப் போயி...

ம்.

வலது தொடை மூணா ஒடஞ்சு போச்சு. கம்பி வெச்சிருக்காங்க. முட்டி மடங்காது.

பயந்துட்டான் சார். அவ்வளவுதான். வேகத்துல போகப் பழக்கம் வேணும். கால் எங்க இருக்குதுன்னு தெரியாம க்ளட்சை மிதிச்சிருப்பான். ஆஸ்பத்திரில போயி உக்காந்து, "ஏன்டா மிதிக்கல"ன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுங்களா? "மிதிச்சேன் மாமா. தரைதான் இருந்துச்சு"ங்கறான். தரை இருந்துச்சாம்! நான் ஓட்டறப்போ கிண்ணுன்னு நின்ன மிதி இவன் ஓட்டறப்போ எப்படிங்க தரைக்குப் போகும்? தப்பு பண்ணினா பண்ணினேன்னு சொல்லிட்டுப் போகோணும். பொருள் மேல பழி போடக் கூடாது.

என்ன சார், மூக்கை உறிஞ்சறீங்க? வாசமா? பிரேக்கு வாசம்தானுங்க. ரேஸ் பேடு சூடானாத்தான் நல்லாப் புடிக்கும். அது நல்ல வாசம்.

அப்புறம் கோகிலா போயி டின்னு கதையைத் தம்பிகிட்டச் சொல்லியிருக்கறா. மாசம் முச்சூடும் திறந்தே இருந்துச்சுன்னு. புடிச்சுக்கிட்டான். "மாமா, பிரேக் ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். திறந்த டின்னை உபயோகப்படுத்தவே கூடாது. சூடேறினா அந்த ஈரம் ஆவியாகி லைனுக்குள்ள காத்து மாதிரி நிக்கும். ஓட்டறப்பவாச்சும் காத்து பட்டு ஆறும், சூட்டோட நிறுத்தி வெச்சா மொத்தமும் கொதிச்சுரும். அப்ப மிதி நேராத் தரைக்குத்தான் போகும். மிச்சம் இருக்கறதைக் கொட்டிருங்க மாமா"ன்னு படுக்கைல கெடந்துட்டு எனக்குப் பாடம் எடுக்கறான். எண்ணெய் எங்கயாச்சும் தண்ணி குடிக்குமுங்களா? ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி எண்ணெய் விட்டா ரெண்டும் ஒட்டாமத்தானே நிக்குது? சின்னப் பசங்களுக்குத் தெரியும் இது. அதுவுமில்லாம சாமி முன்னாடி இருந்த எண்ணெயைக் கொட்டச் சொல்றான்! சாமி கும்புட்ட பொருள் ஆளைக் கொல்லுமுங்களா? அதைக் கேட்டேன். அதுக்குக் கோகிலா ஒரு பேச்சுப் பேசினா பாருங்க. வேண்டாம், அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாது. பாப்பாவைத் தூக்கிட்டுக் கோத்தகிரில அவ அப்பன் வீட்டுக்கு வந்தவதான். நான் வண்டியை நல்லபடியா ரிப்பேர் பண்ணி, மிச்ச ஆயிலையும் ஊத்தி, மறுபடியும் மிதி கிண்ணுன்னு நிக்க வெச்சுட்டேன். அதுக்கப்புறமும் இந்த வண்டி இருக்கற வீட்டுக்கு வர மாட்டேங்கறா.

பாப்பா முழிச்சுருச்சு. என்ன கண்ணு? தண்ணி வேணுமா? சித்த இரு அம்மிணி, அப்பா ஓரமா நிறுத்தறேன்.

இந்தாங்க சார், அந்தப் பாட்டிலை எடுத்துக் குடுங்க. நல்லா பழகறீங்களே, குழந்தைக இருக்குதுங்களா வீட்டுல? குடி கண்ணு, மெதுவா. அம்மாவா? அம்மா முன்னாடி போயிருச்சு, கீழ போனா பாக்கலாம். தூங்கு. எங்கீங்க சார், ஏன் பையை எடுக்கறீங்க? இங்கயா எறங்கறீங்க? வெளையாடறீங்களா! குஞ்சப்பனைக் காடுங்க இது. யானை நடமாடற எடம், பொழுது வேற சாயுது, பனி எறங்குது பாருங்க. இங்க உங்களை எறக்கி விட்டுட்டுப் போனா நான் மனுசனுங்களா? பொகையா? சக்கரத்துல மழைத்தண்ணி பட்டு ஆவி வருதுங்க. உக்காருங்க, உக்காருங்க. சூடு கொஞ்சம் அடங்கட்டும், எறங்கிருவோம். ம், போதும். போலாம்.

கோகிலா எப்படி இந்த வண்டில பாப்பாவை விட்டான்னுதானே யோசிக்கறீங்க? கேக்காமலே தெரியுது. விடலைங்க. பஸ்லதான் போவோம்னு நின்னா. தம்பி, மாமியார், அவ, பாப்பா, எல்லாரும் பஸ்ல. எனக்கு எப்படி இருக்கும்? எங்க குலதெய்வம், எம்புள்ளைக்குக் காது குத்து, நான் வண்டி ஓட்டிட்டு வெறுஞ்சீட்டோட போகோணுமாம். அவங்க துணி அடுக்கிட்டிருந்தாங்க. பாப்பாவுக்கு மிட்டாய் வாங்கித் தர்றேன்னு கடைக்குத் தூக்கிட்டு வந்தேன். வந்ததும் ஃபோன் போட்டு, "நாங்க எறங்கிட்டிருக்கறோம், நீங்க பஸ்ல வந்து சேருங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். ஹஹ. கத்தினா. அழுதா. ஏறி வந்துதானே ஆகோணும்? பஸ்ல ஏறிட்டா. ஆனா பாப்பாவுக்குப் பால் வாங்கி, நான் டீ குடிச்சுன்னு எனக்கு நேரம் ஆயிப் போச்சு. அவ நான் கீழ போயிட்டேன்னு நெனைச்சுட்டிருக்கறா.

நான் கெட்டவன் இல்ல சார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எம்புள்ளை என் வண்டில பத்திரமா வந்து எறங்கறதை அவ கண்ணால பாக்கோணும். பாத்துட்டா அந்தப் பேச்சு முடிஞ்சுது. வீட்டுக்கு வந்துருவா.

ம்? இப்ப மிதி கொஞ்சம் கீழ போயி நிக்குது. ஒண்ணுமில்லீங்க. ரெண்டு தடவை மிதிச்சா வந்துரும். பாத்தீங்களா, வந்துருச்சு.

மச்சினன் விசயம்தான் கொஞ்சம் சங்கடம். காது குத்தறப்போ புள்ளையைத் தாய்மாமன் மடியிலதானே உக்கார வைக்கோணும்? இவனால சம்மணம் போட முடியாது. கால் நீட்டினது நீட்டினபடிதான் கெடக்கும். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி நேத்தெல்லாம் அழுகை. நான் சொன்னேன், இதுல அழ என்ன இருக்குது, ஒரு சேரைப் போட்டு உக்காரட்டும், இன்னொரு தொடை நல்லாத்தானே இருக்குது, அதுல வெச்சுக்கலாம்னு. சரியாத்தானுங்களே சொன்னேன்? எல்லாரும் என்னையவே மொறைச்சுப் பாத்தாங்க. நல்லது சொன்னாக் கூட இந்தக் குடும்பத்துல ஏறாதுங்க.

ஏனுங்க, அதோ பாருங்க! கீழ, அந்த வளைவுல திரும்பறது. உங்களை விட்டுட்டுப் போன பஸ்ஸுதானே அது? புடிச்சுட்டோம்ல! மேல இருக்கற அந்தப் பெட்டி எங்க மாமியாரோடது, சீர் சாமானம் வெச்சது. கடேசி சீட்டுல யாரு... அவதானுங்க. கோகிலாதான். இங்கதான் பாக்கறா. நம்ம வண்டி அவளுக்குத் தெரியாமப் போகுமா? எந்திரிச்சே நின்னுட்டா பாருங்க. கையை ஆட்டறா. ஃபோன் மறுபடியும் அடிக்குது. விடுங்க, நேர்லயே பேசிக்கலாம்.

பஸ்ஸு அங்க மெதுவாத்தான் திரும்பும். நேரா அவ கண்ணு முன்னாடி போயி, பம்பருக்கு ஒரு சாண் இருக்கறப்போ நிறுத்திக் காட்டறேன். இத்தனை நாளு பேசின பேச்சுக்கெல்லாம் அது ஒண்ணு போதும். நீங்க கால் அமுத்த வேண்டாம், நான் பாத்துக்கறேன். விடறேன். விடறேன். இப்ப...

இருங்க.

ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மிதி. ரெண்டு மிதி மிதிச்சா வந்துரும்.

சார், கீழ பாருங்க, தண்ணி பாட்டிலு ஏதாச்சும் என் காலுக்கடில உருண்டு வந்துருச்சா? மிதியடி மடங்கியிருக்குதா? இல்லீங்களா? நல்லாப் பாருங்க. ஏதோ சிக்கியிருக்கோணும், பாருங்க சார்.

ஏனுங்க. தரைதானுங்க இருக்குது.

பேசாதீங்க. ஹேண்ட் பிரேக்கை நான் இழுக்கறேன், கியரை நான் பாத்துக்கறேன். நீங்க திரும்பி பாப்பாவை எடுங்க. எழுப்பாண்டாம், அப்படியே தூக்குங்க. உங்க மடியில வெச்சு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்குங்க.